பெட்ரோலை வடிகட்டிய வீடு

செஞ்சியில் மார்கழி மாதம் பொழுது சீக்கிரம் போய்விடும். நான் மேல்சித்தாமூரில் பிறந்தவள். எங்கள் ஊரில் நாலு பக்கமும் வயல். சூரியன் அவசரமில்லாமல் இறங்கி, சிவந்து, தரையைத் தொட்டுத்தான் மறையும். ஜைனக் குடும்பத்தில் இது பெரிய விஷயம். பொழுது மறைந்தபின் நாங்கள் வாயில் எதுவும் போடமாட்டோம் என்பதால், சாயங்காலம் எந்த வேலையில் இருந்தாலும் ஒரு கண் மேற்கே இருக்கும். கல்யாணமாகிச் செஞ்சிக்கு வந்தேன். இங்கே மேற்கே ராஜகிரி நின்றது. மார்கழியில் சூரியன் அந்த மலைக்குப் பின்னால்தான் போகும். வானமெல்லாம் வெளிச்சமாக இருக்கும், கடைத்தெருவில் வியாபாரம் மும்முரமாக நடக்கும், என் மாமியார் மட்டும் கொல்லையில் நின்று மலையைப் பார்த்துவிட்டு, "மறைஞ்சுட்டுது" என்று சொல்லி அடுப்படியைச் சாத்திவிடுவார். மலை மறைத்தாலும் அவருக்கு மறைந்ததுதான். வந்த புதிதில் எத்தனையோ நாள் அரை வயிற்றோடு படுத்திருக்கிறேன். எங்கள் ஊரில் இந்நேரம் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டிருப்பார்கள் என்று ஒருநாள் வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். இது உங்கள் ஊர் இல்லையே என்றார் மாமியார், கோபமே இல்லாமல்.

மோட்டார் சைக்கிள் வந்தது யுத்தம் முடிந்த மறு வருஷம். பட்டாளத்துச் சாமான்களை எல்லாம் ஏலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏதோ காரியமாகச் சென்னைக்குப் போன என் வீட்டுக்காரர் அதில் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். எங்கெங்கோ ஓடித் தேய்ந்த வண்டி. பச்சைப் பெயிண்ட் பாதி உரிந்து போயிருந்தது. இடது பக்கம், ஒரு ஆள் காலை நீட்டி உட்காரும்படியாக ஒரு பெட்டி, அதற்குத் தனியாக ஒரு சக்கரம். அவருக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை வியாபாரம். ஊர் ஊராகப் போய்க் காட்டிலேயே செடியைப் பிடுங்கிப் பார்த்து விலை பேசுவார். அதுவரை சைக்கிளில்தான் போய்வந்தார். மாதிரி மூட்டை வைத்துக்கொள்ளப் பெட்டி சௌகரியம் என்று எங்களுக்குக் காரணம் சொன்னார். ஆசைப்பட்டு வாங்கினேன் என்று சொல்ல வெட்கம், வேறென்ன.

மாமியார் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். திட்டவில்லை. அவருக்கு இவர் ஒரே பிள்ளை. மாமனார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். பார்த்து முடித்துவிட்டு மகனிடம், "நைனா, இதுல நீ ஏறிப் போற அன்னிக்கு, திரும்பி வந்து உன் மூஞ்சியப் பாத்த பொறவுதான் எனக்குச் சாப்பாடு" என்றார்.

இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாள் ஒரு நியமம் எடுத்தால் எப்படி இருப்பார் என்று கூடவே இருந்து பார்த்தவள் நான். ஏற்கெனவே ஒரு நாளைக்கு ஒரே வேளைதான் சாப்பாடு. அட்டமி, சதுர்த்தசி வந்தால் அதுவும் கிடையாது, தண்ணீர்கூடத் தொடமாட்டார். இதற்கு மேல் இன்னொரு நியமமா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இது நோன்பா, இல்லை மகனை மிரட்டுவதா என்றுகூட நினைத்தேன். அப்படி இல்லை என்பது போகப் போகத்தான் புரிந்தது. ஏன் நேரமாயிற்று என்று அவர் ஒருநாளும் மகனைக் கேட்டதில்லை. இவர் வந்தால் இலை போடச் சொல்வார். பொழுது மறைந்தபின் வந்தால் அடுப்படி சாத்தியிருக்கும், அவ்வளவுதான்.

ஆக, அந்த வண்டி வழியில் நின்றால் எங்கள் வீட்டில் ஒரு வயிறு காயும். வண்டி அடிக்கடி நின்றது.

அதைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், அந்த இயந்திரத்தைப் பார்த்து நான் வாயடைத்து நின்றதைச் சொல்லியாகவேண்டும். முதல் வாரத்திலேயே ஒருநாள், கொல்லையில் நிழலாக இருந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, இவர் இன்ஜின் தலையிலிருந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். வெள்ளைப் பீங்கான் உடம்பு, நுனியில் நகம் போல வளைந்த ஒரு கம்பி. அதை வயரோடு சேர்த்து இன்ஜின் இரும்பின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, என்னைக் குனிந்து பார்க்கச் சொல்லி, கிக்கரைக் காலால் மிதித்தார். கம்பி நுனியில் நீலமாக ஒன்று வெட்டியது. எள்ளளவு மின்னல். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வராத காலம் அது. இதற்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். உள்ளே ஒரு காந்தம் சுற்றுகிறது, அதிலிருந்தே பிறக்கிறது என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று சொல்லி, கால் வலிக்கிறது என்று அவர் சொல்கிறவரைக்கும் மிதிக்கவைத்தேன். அன்றைக்கு ரசத்தில் உப்புப் போடவில்லை என்பதை மாமியார் சாப்பிட்டு முடித்த பிறகே சொன்னார்.

அந்தப் பொறி பெட்ரோல் ஆவியைத் தொடவேண்டும். அந்த ஆவியைக் காற்றோடு கலந்து கொடுப்பது கார்பரேட்டர் என்று ஒரு சின்னப் பித்தளைச் செம்பு. அதற்கு அடியில் ஒரு கிண்ணம், கிண்ணத்தில் மிதக்கும் ஒரு உருளை, நடுவில் ஜெட் என்று ஒரு துண்டு. ஜெட் என்பது சுண்டுவிரல் நுனியைவிடச் சிறியது. அதில் ஊசி முனை நுழையுமோ நுழையாதோ என்னும்படி ஒரு துளை. இத்தனை பெரிய வண்டி, அதன்மேல் ஒரு மனிதர், பெட்டியில் ஒரு மூட்டை மல்லாட்டை, எல்லாம் இந்தத் துளை வழியாகத்தான் ஓடுகின்றன என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. ஜெட்டை வாங்கி வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். உள்ளே வெளிச்சம் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. பார்க்கப் பார்க்க அந்தப் புள்ளி பெரிதாகிக்கொண்டே போவது போல இருந்தது.

பெட்ரோல் அப்போது கூப்பனுக்குத்தான் கிடைக்கும். டின்னில் வாங்கி வந்து கொல்லைக் கொட்டகையில் வைப்போம். ஒருநாள் டின்னைத் திறந்தபோது மேலே ஒரு சிறு பூச்சி மிதந்தது. மாமியார் பார்த்துவிட்டார். செத்த பூச்சிதான், ஆனால் அவர் அன்று பூராவும் நிலைகொள்ளாமல் தவித்தார். இன்றைக்குச் செத்தது கிடந்தது, நாளைக்கு உயிரோடு ஒன்று கிடந்தால் அதையும் சேர்த்துத்தானே எரிப்பீர்கள் என்றார். எங்கள் வீடுகளில் கிணற்றுத் தண்ணீரைக்கூட வடிகட்டாமல் குடிக்கமாட்டோம். தடித்த வெள்ளைத் துணியை மடித்துக் குடத்து வாயில் கட்டி வடிகட்டுவோம். பிறகு துணியைத் திருப்பிப் பிடித்து, வடிகட்டிய நீரையே அதன்மேல் ஊற்றி, ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களை அதே கிணற்றில் விட்டுவிடுவோம். அந்த முறை பெட்ரோலுக்கும் வந்தது. மாமியாரே புதுத் துணி ஒன்றைக் கிழித்து, மடித்து, ஓரம் தைத்துக் கொடுத்தார். டாங்கியின் வாயில் அதை விரித்து, இவர் டின்னைச் சாய்த்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றுவார். முடிந்ததும் துணியை நிழலில் மெதுவாக உதறவேண்டும். மாமியார் தள்ளி நின்று, மூக்கைப் புடவையால் மூடிக்கொண்டு, எல்லாம் சரியாக நடக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். ஜில்லாவிலேயே இவ்வளவு சுத்தமான பெட்ரோல் குடித்த வண்டி வேறு இருந்திருக்காது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

வண்டி நின்றவிதம் ஒரு விசித்திரம். வீட்டு வாசலில் முதல் உதைக்கே கிளம்பும். கடைத்தெருவைத் தாண்டி, நாலைந்து மைல் வரைக்கும் ராஜா மாதிரி ஓடும். பிறகு மூச்சு வாங்குவது போல இரண்டு முறை இழுத்துவிட்டு அடங்கிப்போகும். கொஞ்ச நேரம் நிழலில் நிறுத்திவைத்தால் மறுபடி கிளம்பும், ஒரு பர்லாங் போகும், நிற்கும். அடியோடு கெட்டுப்போயிருந்தால் போட்டுவிட்டு பஸ்ஸில் வந்திருப்பார். கிளம்பிக் கிளம்பி ஆசை காட்டியதால்தான் மனிதர் அதன் பக்கத்திலேயே பொழுதைத் தொலைத்தார்.

ஒரு தடவை, பஸ் டிரைவர் ஒருவரை வீட்டுக்கு அழைத்து வந்து காட்டினார். பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரி வாயுவில் பஸ் ஓட்டிச் சட்டையும் மீசையும் ஒரே கறுப்பாக இருந்த மனிதர். பிளக்கைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு எண்ணெய் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. எதற்கும் பெட்ரோலை வடிகட்டி ஊற்றுங்கள் என்றார். வடிகட்டித்தான் ஊற்றுகிறோம் என்று இவர் பெருமையாகச் சொன்னார். அதற்கு அவர், "மான் தோலு கெடச்சா அதுல வடிகட்டுங்க நயினாரே, பட்டாளத்துல அப்படித்தான் செய்வாங்க. இல்லன்னா பட்டுத் துணி" என்றார். கதவுக்குப் பின்னாலிருந்து மாமியார் இருமும் சத்தம் கேட்டது. தோல் எங்கள் வீட்டுக்குள் வராது. புழுவைக் கொன்று எடுக்கும் பட்டும் வராது. இவர் அவசர அவசரமாகப் பேச்சை மாற்றி, டிரைவருக்கு மோர் கொடுக்கச் சொன்னார். நாங்களும் அதை அத்தோடு மறந்துவிட்டோம்.

பிறகு நாங்களே கழற்ற ஆரம்பித்தோம். வண்டி நின்ற ஒவ்வொரு தடவைக்கும் மறுநாள் கொல்லையில் ஒரு ஆபரேஷன் நடக்கும். இவருக்குக் கழற்றத் தெரியும், வைத்த இடம் தெரியாது. மரையாணி ஒன்றைக் காணோம் என்று மண்ணைத் துழாவிக்கொண்டிருப்பார். பார்க்கச் சகிக்காமல் நான் முறத்தை எடுத்துப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கழற்றிக் கொடுக்கக் கொடுக்க, வந்த வரிசையிலேயே முறத்தின் விளிம்பை ஒட்டி வைத்துக்கொண்டு போவேன். மாட்டும்போது கடைசியில் இருப்பதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பேன். அப்படியே எனக்கு அந்த இன்ஜினின் வயிறு மனப்பாடமாகிவிட்டது. கார்பரேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவேன் என்று அவரிடம் சவால் விட்டிருக்கிறேன். ஸ்பேனர் பிடித்த கையோடு அடுப்படிக்குள் வராதே என்று மாமியார் சொன்னார். ஸ்பேனரைப் பிடிக்காதே என்று சொல்லவில்லை.

கழற்றும்போதெல்லாம் இவர் ஒன்று செய்வார். ஜெட் கைக்கு வந்ததும் வாயில் வைத்துப் பலமாக ஊதுவார், அப்புறம் வானத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். துளை பளிச்சென்று தெரியும். "இதுல ஒண்ணுமில்ல" என்று என்னிடம் கொடுப்பார். நானும் வாங்கி முறத்தில் வைப்பேன்.

அந்த மார்கழியில் காட்டிலெல்லாம் மல்லாட்டை பிடுங்கிக் காயவைத்திருந்தார்கள். இவருக்கு மூச்சுவிட நேரமில்லை. ஒருநாள் வல்லம் பக்கம் போனவர், வண்டி நின்று, இருட்டிய பிறகு வந்தார். மாமியார் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் சதுர்த்தசி, அன்றும் இல்லை, தண்ணீரும் இல்லை. அதற்கு அடுத்த நாள் விடிந்ததும் அம்மா சாப்பிடும்வரை வீட்டைவிட்டு நகரக்கூடாது என்று இவர் தீர்மானமாக இருந்தார். ஆனால் இவருடைய மல்லாட்டை மூட்டைகளை அன்று காலையிலேயே திண்டிவனத்தில் ரயிலில் ஏற்றவேண்டும், நேரில் வந்தால்தான் ஆகும் என்று முதல் நாள் சாயங்காலமே ஆள் வந்து சொல்லிவிட்டான். பஸ்ஸுக்குக் காத்திருந்தால் நேரமாகிவிடும். வெளுப்பதற்கு முன்பே கிளம்பினார். சூரியன் வராமல் மாமியார் சாப்பிட முடியாது. மகன் வண்டியில் போய்விட்டபின் அவன் வராமலும் சாப்பிட முடியாது. போய்வா என்று அவரே கையசைத்து அனுப்பினார்.

உச்சிக்கு வந்துவிடுவார் என்று பாசிப்பயறு போட்டுக் கஞ்சி காய்ச்சி வைத்தேன். உச்சி தாண்டியது. கஞ்சியைத் திரும்பச் சூடு பண்ணினேன். மாமியார் முதுகு வளையாமல் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. எழுந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டார். சாப்பிட்டுவிடுங்கள் அத்தை, பாவம் என் தலையில் வரட்டும் என்று கெஞ்சினேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு மறுபடி கல் பொறுக்கினார். அதுவரைக்கும் அவர் பிடிவாதத்தின்மேல் எனக்கு ஆத்திரம்தான். அன்று அந்த விரல்கள் நடுங்காமல் ஒரு அரிசி அளவுக் கல்லைத் தேடி எடுத்ததைப் பார்த்ததும் எனக்குப் பயமாகவும் இருந்தது, கும்பிடவும் தோன்றியது. இந்த அம்மாள் செத்துப்போய்விடுவார் என்ற நினைப்பும் அப்போதுதான் முதல்முறையாக வந்தது.

சூரியன் ராஜகிரியின் உச்சியைத் தொட்டபோது தெருவில் மாட்டு மணிச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். கட்டை வண்டி ஒன்று வந்தது. அதன் பின்னால் கயிறு கட்டி மோட்டார் சைக்கிள். அதன்மேல் என் வீட்டுக்காரர், முகமெல்லாம் புழுதியாக. வண்டி வாசலில் நிற்பதற்குள் கொல்லையிலிருந்து மாமியாரின் குரல் மெல்ல வந்தது. "மறைஞ்சுட்டுது."

இவர் தலையில் கைவைத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். நான் கொல்லைக்குப் போனேன். மாமியாரின் முகத்தில் வெயில் இல்லை, வெளிச்சம் இருந்தது. தலைக்கு மேலே பருந்து ஒன்று வட்டமிட்டது. அது மலைக்கு மேலே உயர்ந்த ஒவ்வொரு சுற்றிலும் அதன் இறக்கை பொன்னாக மின்னியது. அந்த உயரத்தில் இன்னும் வெயில் அடிக்கிறது. பார்த்துக்கொண்டே நின்ற எனக்கு மேல்சித்தாமூர் வயல் ஞாபகம் வந்தது.

"அத்தே, பொழுது மறையல. மலைக்கு அந்தாண்ட இருக்குது. நாம அங்க போவலாம்."

அவர் என்னைப் பார்த்தார். நியமம் சூரியனுக்குத்தானே, செஞ்சிக்கு இல்லையே என்றேன். அந்த வார்த்தை அவரை நிறுத்தியது. மகன் முகத்தைப் பார்த்தாயிற்று, சூரியனும் கண்ணுக்குத் தெரிந்தால் தப்பில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது போல இருந்தது. பிறகு, "எதுல போறது?" என்று கேட்டார்.

நல்ல கேள்விதான். வாசலுக்கு ஓடினேன். நிற்கிற வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றார் இவர். கழற்றுங்கள் என்றேன். தெருவிலேயே, போகிறவர் வருகிறவர் பார்க்க, கார்பரேட்டர் கிண்ணத்தைத் திறந்து ஜெட்டைக் கழற்றினார். கை முழுக்க மண்ணாக இருந்ததால் அதை என்னிடம் நீட்டிவிட்டுத் துண்டைத் தேடினார். இத்தனை மாதத்தில், அவர் ஊதுவதற்கு முன்னால் ஜெட் என் கைக்கு வந்தது அதுவே முதல் தடவை. வழக்கம்போல வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.

புள்ளி தெரியவில்லை. இருட்டு.

ஊதுவதற்காக அதை வாங்க வந்த இவர் கையைத் தள்ளிவிட்டேன். துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை எடுத்து, நுனியை நகத்தால் கிழித்து, துளையின் அடிப்பக்கம் மெதுவாகத் தொட்டுச் சுற்றினேன். ஒன்று சிக்கியது. இழுத்தேன். புருவ மயிர் நீளத்துக்கு, வெள்ளையாக, முறுக்கிக்கொண்டு ஒரு பஞ்சு இழை வந்தது. அது எந்தத் துணியின் இழை என்று எனக்கா தெரியாது. உயிர் ஒன்றும் எரிந்துவிடக்கூடாதென்று மாமியார் தன் கையால் ஓரம் தைத்துக் கொடுத்த துணி. டின் டின்னாக அதில் வடிகட்டி, இழை இழையாக டாங்கிக்குள் சேர்த்து வைத்திருக்கிறோம். ஓடும்போது பெட்ரோலோடு வந்து துளையை அடைக்கிறது. நின்றால் நழுவிக் கிண்ணத்தில் விழுகிறது. அடைத்துக்கொண்டு மிச்சமிருந்ததையும் இவர் ஊதி ஊதி விரட்டிவிட்டு, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். இழையை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இவ்வளவு பெரிய இரும்பை இந்த இழை நிறுத்தியிருக்கிறது, அந்த அம்மாளைச் சுவரைப் பிடித்துக்கொள்ள வைத்திருக்கிறது என்று நினைத்தபோது எனக்குத் தலை சுற்றியது. பிற்பாடு பாத்திரக்கடையில் நெருக்கமான பித்தளை வலை வாங்கித் துணிக்குப் பதிலாக மடித்து வைத்தோம், அந்தத் தொல்லை ஒழிந்தது. அன்றைக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்.

கிண்ணத்தைக் கழுவி மாட்டினோம். மாமியாரைப் பெட்டியில் உட்காரவைத்தோம். கஞ்சிப் பாத்திரத்தையும், வடிகட்டிய தண்ணீர்ச் செம்பையும் மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டார். நான் பின்னால் கேரியரில் ஒரு பக்கமாக உட்கார்ந்தேன். கையில் ஸ்பேனர், இடுப்பில் ஈர்க்குச்சி. கடைத்தெருவே வாய் பிளந்து பார்த்தது. என்ன பேசினார்களோ, இன்ஜின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

திருவண்ணாமலை ரோடு கோட்டை மலைகளுக்கு நடுவே போகிறது. வலது பக்கம் கிருஷ்ணகிரி, இடது பக்கம் ராஜகிரி. அந்த இடைவெளிக்குள் நுழைந்ததும் நிழல் இன்னும் கனத்தது. காற்று சில்லென்று இருந்தது. பாழடைந்த மதிலை ஒட்டிப் போய்க்கொண்டிருக்கும்போது வண்டி மூச்சு வாங்கியது. இரண்டு இழுப்பு. நின்றுவிட்டது.

நான் குதித்து இறங்கினேன். இவர் பெட்ரோல் குழாயை மூடினார். நான் மண்டியிட்டு, கிண்ணத்தைத் திறந்து, ஜெட்டைக் கழற்றி, பார்த்து, இழையை எடுத்து, மறுபடி பார்த்தேன். நிழலில் புள்ளி தெரியுமா என்று பயந்தேன். மதிலுக்கு மேலே வானம் இருந்தது. புள்ளி தெரிந்தது. மாட்டிவிட்டு நிமிர்ந்தபோது, மாமியார் கண்ணைத் திறந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பதைக் கவனித்தேன். கிக்கரை மிதித்தார் இவர். முதல் உதைக்கே கிளம்பியது.

மலை முடிந்த இடத்தில் வெயில் எங்கள் முகத்தில் அறைந்தது. நான் கத்தியே விட்டேன். ஒரு கணம் நிழல், மறு கணம் மூன்று பேரும் தலையிலிருந்து கால்வரை பொன்னாக இருந்தோம். எதிரே மரம் மட்டை எதுவும் மறைக்காத வெட்டவெளி. பிடுங்கிய மல்லாட்டைக் காடுகள். வெகுதூரத்தில் திருவண்ணாமலை மலை நீலமாக. அதற்குப் பக்கத்தில், தரைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில், சூரியன் உருண்டையாக நின்றது. போய்விட்டது என்று வீட்டில் கதவைச் சாத்திய அதே பொழுது.

ரோட்டோரம் ஒரு தட்டைப் பாறை இருந்தது. அதில் எறும்பு இருக்கிறதா என்று மாமியார் குனிந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தார். நான் தள்ளி நின்றேன். என் கையெல்லாம் பெட்ரோல் நாற்றம். கஞ்சியை இவரையே ஊற்றச் சொன்னேன். மாமியார் செம்பைச் சாய்த்து என் விரல்களில் கொஞ்சம் தண்ணீர் விட்டார். நாற்றம் போகவில்லை. அது அவருக்கும் தெரிந்தது.

"பரவால்ல. நீயே ஊத்து."

ஊற்றினேன். முதல் வாய்க் கஞ்சி தொண்டையில் இறங்கச் சிரமப்பட்டது. இரண்டாவது இறங்கியது. இவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு வண்டியைத் துடைப்பது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமியார் நிதானமாகக் குடித்தார், மேற்கே பார்த்தபடியே. ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் நிறுத்தி, சூரியன் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். அது இருந்தது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது, மறுபடி பார்ப்பார். அப்போதும் இருந்தது.

அவர் பிறந்ததும் மலைக்குக் கிழக்கே ஒட்டியிருந்த ஒரு ஊர்தான், வாழ்க்கைப்பட்டது செஞ்சி. சாயங்கால வேளையில் மலையைத் தாண்டி மேற்கே வந்ததே இல்லையாம். பாத்திரத்தில் பாதி குடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "தெனமும் இவ்ளோ நேரம் இருக்குமா?" என்று கேட்டார்.

இருக்கும் அத்தை, தினமும் இருக்கும் என்றேன். எத்தனை வருஷத்து மார்கழிகள் அவருக்கு அந்த மலையடியில் முன்கூட்டியே முடிந்துபோயிருக்கும் என்று நினைத்தேன்.

சூரியன் தரையைத் தொட இன்னும் நேரம் இருந்தது. இன்னும் கொஞ்சம் குடியுங்கள் என்று பாத்திரத்தைச் சாய்த்தேன். வேண்டாம் என்று கையால் மறித்தார். இருட்டுவதற்குள் கிளம்பலாம் என்று இவர் கிக்கரில் கால் வைத்தார். அவரையும் பொறுக்கச் சொல்லி மாமியார் கையைக் காட்டினார். மூன்று நாள் பசியில் வந்த அம்மாள், பாதிக் கஞ்சியைப் பாறையில் வைத்துவிட்டு, சூரியன் முழுசாக இறங்கி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.